மறைபரப்பில் பண்பாட்டுத் தழுவல்: தமிழ்க் கிறித்தவத்தில் சமயம் – வழக்கம் என்னும் எல்லைப் பகுப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமயம் தான் தோன்றிய நிலத்தைக் கடந்து வேறொரு மக்களிடம் செல்லும்போது அவர்தம் மொழியையும் வழக்கங்களையும் ஏற்றுக்கொள்வது பண்பாட்டுத் தழுவல் எனப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டு முதல் தமிழகத்தில் நிகழ்ந்த கிறித்தவ மறைபரப்பு இதற்குத் தக்க சான்றாகும். ‘எது சமயம், எது வழக்கம்’ என்ற பகுப்பே இத்தழுவலின் அடிப்படை. அப்பகுப்பு சொல்லாட்சியிலும் இலக்கிய வடிவத்திலும் திருத்தத்திற்கு இடம் தந்து நெகிழ்ந்து நின்றது. சாதியைப் பொறுத்தவரை இறுகிப்போயிற்று. இவ்வேறுபாட்டையும் அதன் காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

பண்பாட்டுத் தழுவல், தத்துவ போதகர், வீரமாமுனிவர், விவிலிய மொழிபெயர்ப்பு, சிற்றிலக்கியம், சாதி.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மேனாட்டுத் தொண்டர்களின் தமிழ்ப்பணியைப் போற்றும் நோக்கில் அமைந்துள்ளன. அச்சு, அகராதி, உரைநடை, இலக்கணம் ஆகிய துறைகளில் அவர்தம் பங்களிப்பு மறுக்க இயலாதது. ஆயினும் அப்பணி மறைபரப்பு என்னும் நோக்கிற்குத் துணையாகவே தொடங்கியது என்பதை மனங்கொள்ளும்போது வேறொரு வினா எழுகிறது. தம் சமய உண்மை மாறாதது என நம்பியவர்கள், அதனைச் சொல்லும் முறை மாறலாம் என எவ்வாறு முடிவு செய்தனர்? மாறலாம் எனக் கருதியவற்றையும் மாறலாகாது எனக் கருதியவற்றையும் எந்த அளவுகோலால் பிரித்தனர்?

தழுவலை ‘மிகுதி’, ‘குறைவு’ என்று அளக்கும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. காவியுடை அணிந்தவர் மிகுதியாகத் தழுவினார், அணியாதவர் குறைவாகத் தழுவினார் என்பது போன்ற மதிப்பீடுகள் புறத்தோற்றத்தோடு நின்றுவிடுகின்றன. எல்லைக்கோடு எங்கே இடப்பட்டது, அதனை இட்டவர் யாவர், யாருடைய வழக்கம் தமிழர் வழக்கமாகக் கொள்ளப்பட்டது என்னும் வினாக்களே தழுவலின் இயல்பை விளக்க வல்லவை.

‘பரங்கி மார்க்கம்’ என்னும் தடை

1535க்கும் 1537க்கும் இடையில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் இன்றியமையாத செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். அவருக்குப்பின் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூலையும், 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் நூலையும் அச்சிட்டார். இவ்விரு தலைப்புகளுமே தழுவலின் தொடக்க நிலையைக் காட்டுகின்றன. இறைவனுக்குத் ‘தம்பிரான்’ என்ற தமிழ்வழக்கு ஏற்கப்பட்டது. சமயத்தின் பெயரோ போர்த்துகீசிய ஒலியிலேயே நின்றது. தூய ஆவியைக் குறித்த ‘இஸ்பிரீத்து சாந்து’, சிலுவையைக் குறித்த ‘குருசு’ முதலிய சொற்கள் கத்தோலிக்க மக்களின் வழக்கில் நெடுங்காலம் நிலைத்தன. தமிழ்ச்சொல்லை இட்டால் பிறசமயப் பொருள் உள்நுழையும் என்ற அச்சமே இவ்வொலிபெயர்ப்புக்குக் காரணமாகலாம்.

இம்முறையில் பொருட்குழப்பத்திற்கு இடமில்லை. ஆனால் சமயம் அயலாரின் உடைமையாகத் தோன்றும் இடர் இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி இதனை நேரிற் கண்டார். அவர் வருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கொன்சாலோ பெர்னாந்தசு என்னும் இயேசு சபைத் துறவி அங்குப் பணிபுரிந்தும் மதுரை மக்களிடையே அவருடைய போதனை வேரூன்றவில்லை. கிறித்தவராதல் என்பது ‘பரங்கி’க் குலத்தில் சேர்தல் என்றே விளங்கிக்கொள்ளப்பட்டது. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நீராடும் ஒழுக்கம் இல்லாதவர் என்னும் எண்ணங்கள் அச்சொல்லோடு பிணைந்திருந்தன. சமய மாற்றம் குலமாற்றமாகப் பொருள்பட்ட இச்சூழலே நோபிலியின் முயற்சிக்குத் தோற்றுவாய்.

தத்துவ போதகர் இட்ட எல்லைக்கோடு

நோபிலி பெர்னாந்தசின் இல்லத்தினின்றும் பிரிந்து தனிக்குடிலில் வாழ்ந்தார், காவியுடை அணிந்தார், புலால் நீத்து ஒருவேளை உணவு கொண்டார், ‘தத்துவ போதகர்’ எனப் பெயர் பெற்றார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி கற்றார். அச்சிவதருமரே 1609இல் திருமுழுக்குப் பெற்றார். திருமுழுக்குப் பெற்ற உயர்சாதியினர் பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றைக் கைவிட வேண்டியதில்லை என நோபிலி இசைவு தந்தார்.

இவ்விசைவுக்கு எதிராகப் பெர்னாந்தசு 1610இல் மேலிடத்திற்கு முறையிட்டார். அதற்கு விடையாக நோபிலி 1613இல் இலத்தீன் மொழியில் எழுதிய விளக்கநூல், தழுவல் கோட்பாட்டின் அடிப்படை ஆவணமாகும். பூணூலும் குடுமியும் குலநிலையையும் கல்வித் தகுதியையும் காட்டும் சமூகக் குறிகளே. அவை வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல. ஆகவே கிறித்தவருக்கு விலக்கப்பட்டவை அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். தம் கூற்றுக்கு வடமொழி நூல்களிலிருந்தே அவர் சான்று தேடினார். ஒரு சமூகத்தின் வழக்கத்தை அச்சமூகத்தின் நூல்வழி விளங்கிக்கொள்ள முயன்ற இந்நெறி அக்காலத்தில் புதுமையானது.

இங்கு நுணுகி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. நோபிலி கோட்பாட்டளவில் வளைந்து கொடுத்தவர் அல்லர். மறுபிறவிக் கொள்கையை மறுத்துப் ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்னும் நூலையும், கிறித்தவத்தின்மீது சுமத்தப்பட்ட பழிகளை மறுத்துத் ‘தூஷண திக்காரம்’ என்னும் நூலையும் இயற்றினார். ஒருவரது பிறப்பின் உயர்வு தாழ்வுக்கு முற்பிறவி வினையே காரணம் என்பது சாதியமைப்பிற்குக் கூறப்பட்டு வந்த சமய விளக்கங்களுள் முதன்மையானது. அவ்விளக்கத்தை மறுத்தவர், அவ்விளக்கம் தாங்கிநின்ற பிறப்புவழிப் படிநிலையை உலகியல் வழக்கம் என்று விட்டுவைத்தார். அடித்தளம் மறுக்கப்பட்டது, அதன்மேல் எழுந்த கட்டடமோ தொடப்படவில்லை. சமயம், வழக்கம் என்ற இரண்டும் அவர் கருதியவாறு எளிதிற் பிரிபவை அல்ல என்பதை இம்முரண் காட்டுகிறது.

1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, பிறசமய நோக்கு நீக்கப்படுதல் என்னும் வரையறையுடன் இவ்வழக்கங்களுக்கு இசைவளித்தது. அதே ஆணை, குலப்பெருமை உடையோர் தாழ்ந்தோராகக் கருதப்படுவோரை, அதிலும் கோயிலில், இகழலாகாது என்றும் வேண்டிக்கொண்டது. இசைவு ஆணையாக வந்தது. சமத்துவம் வேண்டுகோளாக வந்தது. பின்னைய இரு நூற்றாண்டுச் சிக்கல்களின் வித்தினை இவ்வேறுபாட்டிற் காணலாம்.

பண்டாரசாமிகளும் மலபார் சடங்குச் சிக்கலும்

அந்தணத் துறவியின் ஒழுக்கத்தை மேற்கொண்டவர் பிற சாதியினரோடு வெளிப்படையாகப் பழக இயலாத நிலை ஏற்பட்டது. இதனை ஈடுசெய்ய 1640இல் பண்டாரசாமி முறை தொடங்கப்பட்டது. அம்முறையை முதலில் மேற்கொண்டவர் பல்தசார் த கோஸ்தா. சைவப் பண்டாரங்களின் கோலத்தை ஏற்ற இவர்கள் அந்தணரல்லாத மக்களிடையே பணியாற்றினர். மக்கட்டொகையில் பெரும்பான்மையோரை மதுரை மறைப்பணித்தளம் அடைந்தது இவர்கள் வழியேயாகும். எனினும் போதகரே சாதிக்கேற்பப் பிரிக்கப்பட்டமை, தழுவல் என்பது சமூகப் படிநிலையைத் திருச்சபைக்குள் படியெடுத்ததாகவும் ஆயிற்று.

1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை பல வழக்கங்களைக் கண்டித்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, குழந்தை மணம், சடங்கு நீராட்டு, மாதவிலக்குக் காலத்தில் பெண்களை அருட்சாதனங்களினின்றும் விலக்குதல் ஆகியன அவற்றுட் சில. நோயுற்ற பறையர் இல்லங்களுக்குச் சென்று அருட்சாதனம் வழங்க மறுப்பதையும் அவ்வாணை தடைசெய்தது. தாலியின் வடிவமும் சாவின் விளிம்பில் இருப்பவரின் வீட்டு வாயிலும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை கருதத்தக்கது. முன்னது குறியீட்டுச் சிக்கல். பின்னது மனிதரை விலக்கிவைக்கும் கொடுமை. ‘வழக்கம்’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடியிருந்தது.

1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையுடன் இவ்வழக்காடல் முடிவுற்றது. மறைபரப்பாளர் அனைவரும் அதனைக் கடைப்பிடிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிப் போதகரை ஏற்படுத்தும் வழி இதன்பின்னும் கையாளப்பட்டது. விலக்கைக் களைவதற்கு மாறாக விலக்கப்பட்டோருக்குத் தனியேற்பாடு செய்வதே தீர்வாகக் கொள்ளப்பட்டது. மேற்கூறிய உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.

இறைச்சொல்லின் பயணம்

சொல்லாட்சியில் எல்லைக்கோடு வேறுவகையாக இயங்கிற்று. நோபிலி ஒலிபெயர்ப்பைப் பெரிதும் விடுத்து, வழக்கிலிருந்த சொற்களுக்குப் புதுப்பொருள் ஏற்றும் முறையை மேற்கொண்டார். சருவேசுரன், வேதம், குரு, பூசை, அருள், ஞானஸ்நானம் முதலியன கத்தோலிக்கத் தமிழில் நிலைபெற்றன. ‘ஈசுரன்’ என்பதன் சைவச்சார்பைச் ‘சருவ’ என்னும் அடை பொதுமையாக்கிற்று. கிறித்தவ வழக்கில் இடம்பெற்ற ‘மனுஷாவதாரம்’ என்பதோ பல பிறப்பெடுத்தல் என்னும் பொருள் நிழலைத் தாங்கிவந்தது. அது ஒருமுறையே நிகழ்ந்தது என்பதைப் போதனையால் விளக்கவேண்டியிருந்தது. சொல்லைக் கடன்வாங்கியவர் அதன் முன்வரலாற்றையும் உடன்பெற்றார்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு கத்தோலிக்கர் இயற்றிய தமிழ் நூல்களைப் பயின்றே சமயத் தமிழைக் கற்றார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714–1715இல் அச்சேறியது. பின்வந்த பப்ரீசியசு ‘பராபரன்’ என்னும் சொல்லைக் கையாண்டார். போவர் தலைமையில் 1871இல் வெளிவந்த ஒன்றிப்பு மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்பதை நிலைநாட்டியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுமொழிபெயர்ப்பில் ‘கடவுள்’ என்னும் சொல் இடம்பெற்றது.

இந்நான்கு சொற்களும் நான்கு அவையோரைச் சுட்டுகின்றன. சருவேசுரன் வடமொழிச் சமயவாதிகளோடு உரையாடிய சூழலில் எழுந்தது. பராபரன் தத்துவச் சார்புடையது. தாயுமானவர் பாடல்களிலும் பயில்வது. தேவன் எளிமையும் பரவலும் உடையதாயினும் ‘தேவர்கள்’ என்னும் பன்மையை நினைவூட்டுவது. கடவுள் என்னும் சொல்லின் ஏற்பில் தனித்தமிழ் இயக்கம் உருவாக்கிய மொழியுணர்வின் தாக்கம் தெளிவு. ‘பூசை’ என்பது ‘திருப்பலி’யானதும், ‘பரிசுத்த ஆவி’ ‘தூய ஆவி’யானதும் இவ்வகையினவே.

ஒவ்வொரு மாற்றமும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வடமொழி கலந்த நடை இன்று சீர்திருத்தத் திருச்சபையினர் பலருக்குத் திருமறையின் இயல்பான குரலாகவே ஒலிக்கிறது. அயலார் தழுவிக்கொண்ட மொழி, ஏற்றோரின் மரபாகி, மேலும் தழுவுவதற்குத் தடையாயிற்று. ஆயினும் சொல்லைத் திருத்தலாம் என்னும் கொள்கை எக்காலத்தும் கைவிடப்படவில்லை. பழையதும் புதியதும் அருகருகே வழங்கின. ஒரு சொல் பொருந்தாதபோது மற்றொன்றை நாடுவதற்கு வழி திறந்தே இருந்தது.

இலக்கிய வடிவமும் உள்ளிருந்து எழுந்த குரலும்

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட இக்காப்பியம் நாட்டுப்படலம், நகரப்படலம் எனக் காப்பிய மரபிலேயே தொடங்குகிறது. யூதேயா நாட்டில் தமிழ் மருதத்தின் வளம் பெருகுகிறது. பெயர்களை ஒலிபெயர்க்காது பொருள்பெயர்க்கும் முறையையும் முனிவர் கையாண்டார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் ‘பெருக்கம்’ என்ற பொருள்கொண்டு ‘வளன்’ என்றும், யோவான் என்பதன் பொருள்கொண்டு ‘கருணையன்’ என்றும் அமைத்தார். அயற்பெயர் ஒருவனை அயலானாகவே நிறுத்தும். பொருட்பெயர் அவனைக் காப்பிய மாந்தனாக்கும். கோணான்குப்பத்தில் மரியன்னை பெரியநாயகி என்னும் பெயருடன் சேலையணிந்து விளங்குவதும் இந்நோக்கின் விளைவே.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பிறப்பால் தமிழர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி (1800) குறவஞ்சியின் உறுப்புகளை ஏற்றுத் தேவமோகினி என்னும் தலைவியைப் படைத்தது. குறிசொல்லுதலை விவிலியம் விலக்குகிறது. எனினும் குறத்தியின் குறி இங்கே மீட்பரைப் பற்றிய முன்னறிவிப்பாக மாற்றப்பட்டுள்ளது. விலக்கப்பட்ட தொழிலை விடுத்து, அத்தொழிலின்மேல் எழுந்த இலக்கிய வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்த இச்செயல் எல்லைப் பகுப்பின் நுட்பமான வெற்றிகளுள் ஒன்று.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவப் பின்னணியிலிருந்து வந்தவர். பன்யனின் ஆங்கில உருவகக் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) எனக் காப்பியமாக்கினார். நோபிலிக்கும் முனிவருக்கும் தமிழ் மரபு கற்றுச் சேர்ந்த இடம். கிருஷ்ண பிள்ளைக்கு அது பிறந்து வளர்ந்த வீடு. இவரிடம் நிகழ்ந்ததைத் தழுவல் என்பதினும், புதிய நம்பிக்கையோடு பழைய செல்வத்தையும் தன்னுடன் வைத்துக்கொள்ளுதல் என்பதே பொருந்தும்.

சுவராகிய கோடு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த புதிய சீர்திருத்தச் சபைப் போதகர்கள் சாதி வேறுபாட்டைச் சமயத்திற்கு மாறானது என அறிவித்தனர். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் விடுத்த சுற்றறிக்கை, சாதியை உடனே முற்றாகக் கைவிடவேண்டும் என ஆணையிட்டது. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோருள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். திருமறை மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதிகளைக் கலத்தல், திருமணத்திலும் இறுதிச்சடங்கிலும் மலர்களை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசையை நீக்குதல் ஆகிய நான்கையும் புதிய போதகர்கள் இழைத்த கொடுமைகளாக அவர் கண்டார்.

மலர், இசை, பழகிய திருமறை மொழி ஆகிய மூன்றையும் காக்க எழுந்த அவருடைய குரல் இன்று எளிதில் ஒப்புதல் பெறும். நான்காவதாகிய சாதியோ அவ்வாறன்று. ஆனால் அவர் பார்வையில் இந்நான்கும் ஒரே நிலையின. தமிழர் வழக்கங்கள் என்னும் ஒரே தொகுதியில் அடங்குபவை. மறுபுறம், சாதியைக் களைய முற்பட்ட போதகருள் பலர் மலரையும் இசையையும் சேர்த்தே களைய முற்பட்டனர். பண்பாட்டைக் காத்தவர் சாதியையும் காத்தார். சாதியை எதிர்த்தவர் பண்பாட்டையும் எதிர்த்தார். இரு சாராரும் பிரிக்கத் தவறிய இடம் ஒன்றே.

நெல்லை மாவட்ட வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிவழி இருக்கைகளைப் பிரிக்கத் தடுப்புச்சுவர் நின்றது. 1910இல் திருச்சபை அதிகாரத்தால் அது இடிக்கப்பட்டது. சுவரை மீட்க வழக்கு எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றம் திருச்சபையின் செயலையே நிலைநிறுத்தியது. நோபிலி காலத்தில் ஏட்டில் இடப்பட்ட கோடு, மூன்று நூற்றாண்டு கழித்து வழிபாட்டிடத்தில் செங்கல்லாய் நின்றது எனலாம். வழக்கு வரை சென்ற இவ்விடாப்பிடி, ‘வழக்கம்’ என விட்டுவைக்கப்பட்டது ‘உரிமை’யாக வளர்ந்துவிட்டதைக் காட்டுகிறது.

20ஆம் நூற்றாண்டில் திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமமும் (1921), குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளிச் சாந்திவனமும் (1950) தழுவலை மீண்டும் முன்னெடுத்தன. சாந்திவனம் போன்ற முயற்சிகள் வடமொழி மரபையே இந்தியப் பண்பாடாகக் கொண்டன என்னும் விமரிசனம் பின்னர்த் தலித்திய இறையியலாளரிடமிருந்து எழுந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். அதுவரை தழுவலுக்கு உரிய பண்பாடாகக் கருதப்படாத ஒன்று அப்போதுதான் தழுவப்பட்டது.

முடிவுரை

தமிழ்க் கிறித்தவத்தில் சமயம், வழக்கம் என்ற பகுப்பு மூன்று தளங்களில் இயங்கியது. சொல்லாட்சியில் அது தொடர்ந்து திருத்தப்பட்டது. இலக்கியத்தில் புதுப்படைப்புகளுக்கு வழிவகுத்தது. சாதியில் மட்டும் இறுகியது. பிழைபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டும் புலமையும் உரிமையும் உடையோர் திருச்சபைக்குள் இருந்தனர்; சாதியால் துன்புற்றோருக்கு எல்லைக்கோடு இடும் அவையில் இடமில்லை. எது சமயம், எது வழக்கம் என்று முடிவு செய்தவர்கள் அயல்நாட்டுத் துறவிகளும் அவர்களோடு உரையாடும் நிலையிலிருந்த உயர்சாதியினருமே. சாதி இருக்கையும் தாலியும் மலரும் அவ்விரு சாராருக்கும் ஒரே வகையினவாகத் தோன்றியமைக்கு இதுவே காரணம்.

ஆகவே தழுவலை மதிப்பிடும் ஆய்வாளர் முதலில் கேட்கவேண்டியது, எவருடைய வழக்கம் தமிழர் வழக்கமாகக் கொள்ளப்பட்டது என்பதாகும். தேம்பாவணியின் காப்பிய மரபும் அப்பாவுவின் பறையிசையும் தமிழ்ப் பண்பாடே. இரண்டிற்கும் இடையே கழிந்த ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு, அவ்வினா கேட்கப்படாது கிடந்த காலத்தின் அளவைக் காட்டுகிறது.